பார்த்துக்கொண்டே இடித்தவர்

என் அன்பு அண்ணா,

உங்கள் போனுக்கு இன்னும் பிறந்தநாள் விழாக்காரர்கள் அழைக்கிறார்கள். "அவரு இப்ப மேஜிக் பண்றதில்லைங்க" என்று மட்டும் சொல்லி அண்ணி வைத்துவிடுகிறார். நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்று சொல்ல அவருக்கு வாய் வருவதில்லை.

கல்யாண மண்டபங்களில் இரண்டு பேரை மேடைக்கு அழைத்துப் பந்தைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கச் சொல்வீர்கள். எத்தனை முறை கை மாறுகிறது என்று சனம் எண்ண வேண்டும். பந்து பிடிக்கும் இருவருக்கும் நடுவில் நின்றபடி வெள்ளைத் தொப்பியைக் கழற்றிக் கறுப்புத் தொப்பி போட்டுக்கொள்வீர்கள். ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். முதல் தடவை நானும் கவனிக்கவில்லை.

"எப்படிண்ணா மறைச்சீங்க?"

"மறைக்கவே இல்லை அம்மணி. உன் கண்ணு பாத்துச்சு. மனசு எண்றதுல இருந்துச்சு, அதான் தெரியல."

கருமத்தம்பட்டியில் நிகழ்ச்சி முடித்து வரும்போது, பட்டப்பகலில், உங்கள் ஸ்கூட்டரை ஒரு கார் இடித்தது. மேடைக்குப் போட்ட ஆரஞ்சுச் சட்டையைக்கூட நீங்கள் மாற்றியிருக்கவில்லை.

போன வாரம் காரை ஓட்டியவர் தன் அம்மாவுடன் வீட்டுக்கு வந்தார். "ரோட்டப் பாத்துட்டுத்தானுங்க்கா ஓட்டுனேன். அண்ணன் வந்தது தெரியவே இல்லைங்க. சத்தியமுங்க."

என் வீட்டுக்காரர் அடிக்கப் பாய்ந்தார். "அந்தச் சட்டை தெரியலையா? புளுகறான்!"

புளுகில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாய்விட்டுத் திட்டக்கூட வழியில்லாமல் செய்துவிட்டீர்களே அண்ணா, அந்தத் தொப்பி வித்தையை எனக்கு ஏன் சொல்லித்தந்தீர்கள்?

"போன்ல பேசிட்டு இருந்தீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க, மில் ஆர்டர் விஷயமா. ஆனா போனைக் கையில எடுக்கலைங்க. கார் ஸ்பீக்கர்லதானுங்க." அது பெரிய புண்ணியம் என்பதுபோல் சொன்னார்.

"கண்ணு ரோட்டுல இருந்துச்சு. மனசு எங்கீங்க இருந்துச்சு?"

அவர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவனும் தூங்கறதில்லை கண்ணு. மன்னிச்சுப்போடு."

கையை உருவிக்கொண்டேன். காரை ஓட்டியவருக்குத் தூக்கம் போனதை வைத்து அண்ணி என்ன செய்வார்?

அவர்கள் போனதும் என் வீட்டுக்காரர், "காரை ஓட்டறப்பக் குடிச்சிருந்ததை இங்க வந்து ஒத்துக்கிட்டான்னு கோர்ட்டுல சொல்லிப்போடலாம். நீயும் அதையே சொல்லு" என்றார். மாட்டேன் என்றேன். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை.

கோர்ட்டில் கேட்டால், காரை ஓட்டியவர் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்வேன். ஓட்டும்போது பேசலாம் என்று முடிவு செய்தது அவர்தான் என்பதையும் சொல்வேன். அவரைப் பொய்யர் என்று சொல்ல மாட்டேன். மன்னிக்கவும் மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் கூடப்பிறந்தவள்,
சுமதி