மாங்காய்க் கரையில் ஒரு பிரெஞ்சு வரி

நேற்று மதியம் தபாலில் கனமான வெள்ளை உறை ஒன்று வந்தது. உள்ளே ஓர் அட்டை, முழுக்கப் பிரெஞ்சு. அந்த எழுத்துகளைப் பார்த்து எத்தனை வருடமாயிற்று! அடுப்பில் குழம்பு கொதிக்கக் கொதிக்க, நின்றபடியே உரக்கப் படித்தேன். விட வேண்டிய எழுத்தை விட்டு, மூக்கில் ஏற்ற வேண்டியதை ஏற்றி, ஓர் இடத்திலும் தடங்கல் இல்லை. "இன்னா போட்டிருக்குது?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "அது யாருக்குத் தெரியும்? எப்படிப் படிச்சேன், அதைச் சொல்லுங்க" என்றேன் பெருமையாக. அப்புறம்தான் நடுவில் உன் பெயரைப் பார்த்தேன். அதற்குக் கீழே இரண்டு தேதிகள் இருந்தன.

படுபாவி, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாயே. உன் மகளுக்குத் தமிழ் எழுத வராது, அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியும் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறாய் பார், அதை நினைத்துத்தான் அழுதேன்.

உன் வீட்டுத் தறிக்கும் என் வீட்டு மேசைக்கும் நடுவே ஒரு சுவர்தான். உன் அப்பா பட்டு நெய்வார். என் அப்பா அந்தப் பட்டின் கரைக்கு அட்டை குத்துவார். கட்டம் போட்ட தாளில் பூவோ மாங்காயோ வரைந்திருக்கும். வரி வரியாக அதைப் பார்த்து நான் "மூணு எடு, ரெண்டு விடு" என்று சொல்லச் சொல்ல, எடு என்ற இடத்தில் அப்பா துளை போடுவார், விடு என்ற இடத்தைத் தாண்டிப் போவார். தறிக்கு மேலே உள்ள ஜக்காடு பெட்டியில் அந்த அட்டைகளை மாட்டினால் துளைக்கு ஏற்றபடி இழை எழும்பும், கரையில் பூ விழும். பள்ளிக்கூடம் விட்டபின் எனக்கு அதுதான் வேலை.

எண்பதுகளின் தொடக்கத்தில் உனக்குப் புதுச்சேரி மாப்பிள்ளை அமைந்தார். பிரான்சில் பட்டாளத்தில் இருக்கிறவர். நிச்சயத்துக்கு வந்த உன் மாமனார் காபியைக் கையில் வைத்துக்கொண்டே குண்டைத் தூக்கிப் போட்டார். "விசா குடுக்கிற பிரெஞ்சு ஆபீசுல பொண்ணே வாயத் தெறந்து பிரெஞ்சுல பதில் சொல்லணுங்க. பேரு, ஊரு, எழுத்துக்கூட்டல் எல்லாம் கேப்பாங்க. சரியா வர்லன்னா பையன் தனியாத்தான் போவணும். அடுத்த லீவு ரெண்டு வருசம் கழிச்சிதாங்க." கல்யாணத்துக்கு மூன்று மாதம்தான் இருந்தது. நீ எட்டாவதோடு நின்றவள், ஆங்கில எழுத்தே தள்ளாடும். அன்று மாலை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நீ கத்தியது இன்னும் காதில் இருக்கிறது: "ஏய், வாடி இங்க! நாம பிரெஞ்சு படிக்கப் போறோம்!" நான் போவேன் என்று நீ சொல்லவில்லை, நாம் படிப்போம் என்றாய்.

மாப்பிள்ளை ஒரு பாலபாடப் புத்தகமும் ஒரு கேசட்டும் அனுப்பினார். கேசட்டில் காதல் வசனம் இருக்கும் என்று தெருவே காத்திருந்தது. துபாயிலிருந்து ஒரு வீட்டுக்கு வந்திருந்த டேப் ரிக்கார்டரை இரவல் வாங்கி, நடுக்கூடத்தில் வைத்து அழுத்தினோம். தொண்டையைச் செருமிக்கொண்டு உன் வருங்காலக் கணவர் சொன்னார்: "ஆ. பே. ஸே. தே." உன் முகம் அப்படியே சிவந்துவிட்டது. கடைசிவரை அவர் பிரெஞ்சு எழுத்துகளைத் தவிர வேறொரு வார்த்தை பேசவில்லை. டபிள்யூவுக்கு 'தூப்ளவே' என்று வந்தபோது உன் தம்பி கீழே விழுந்து புரண்டு சிரித்தான். "இவ்ளோதானா? பேர் சொல்லிக்கூடக் கூப்புடலையே" என்று உன் அம்மா அங்கலாய்த்தார். நீயோ திரும்பத் திரும்ப அதையே போடச் சொன்னாய்.

என்ன பாடுபட்டோம்! அவர்களுடைய 'ர' தொண்டைக்குள் உருள வேண்டும். கிணற்றடியில் வாயில் தண்ணீரை வைத்துக் கொப்பளித்துக் கொப்பளித்துப் பழகினோம். உனக்குத் தொண்டைப்புண் என்று உன் அம்மா கஷாயம் வைத்துக் கொடுத்தார். இன்னொரு ஒலி அதைவிட பேஜார். உதட்டை 'ஊ'வுக்குக் குவித்து, நாக்கை 'ஈ'க்கு வைத்துச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை கேசட்டில் மூன்று தடவை திருப்பிச் சொன்ன ஒலி அது ஒன்றுதான். எனக்கு இரண்டாம் நாளே வந்துவிட்டது. உனக்கு வருவேனா என்றது.

அதையெல்லாம்விட உன்னைக் கோபப்படுத்தியது வாய் திறக்காத எழுத்துகள்தான். "சொல்லமாட்டான்னா அதை இன்னாத்துக்கு எழுதறான்?" என்று புத்தகத்தைத் தூக்கி எறிந்தாய். அப்போது எனக்குள் விளக்கு எரிந்தது. அப்பாவின் கட்டத்தாள் ஒன்றை எடுத்து வந்தேன். சொல்ல வேண்டிய எழுத்துக்குக் கட்டத்தை நிரப்பினேன், சொல்லக் கூடாததை வெறுமையாக விட்டேன். உனக்கு எப்போதும் தடுக்குகிற வாக்கியம், 'நான் ஆரணியில் பிறந்தேன்' என்பது. ழ ஸ்வி நே ஆ ஆரணி. 'ஸ்வி'க்கு நாலு எழுத்து: மூணு எடு, ஒண்ணு விடு. 'நே'க்கு ரெண்டு எடு, ஒண்ணு விடு. ஆரணியின் ஐந்து ஆங்கில எழுத்தில் மட்டும் விடுவதற்கு ஒன்றுமில்லை, ஐந்தும் எடு. நீ எழுந்து நின்று கைதட்டினாய். "இது நம்ம வேலைடி! மொதல்லயே சொல்லக் கூடாதா?"

அந்தத் தாளை நான் எங்கே வைத்தேன் என்று மட்டும் பார்க்கவில்லை. ஒரு கல்யாணத்துக்காகத் தேவிகாபுரம் போயிருந்தேன். நான் இல்லாததால் அப்பா தானே கட்டம் எண்ணி, உன் முகூர்த்தப் புடவைக் கரைக்கு அட்டை குத்தியிருக்கிறார். மாங்காய்த் தாள்களுக்கு நடுவே நம் பிரெஞ்சும் கிடந்திருக்கிறது. திரும்பி வந்தபோது உன் அப்பா எங்கள் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். "இன்னாபா இது? மாங்காய்க்கு மாங்காய் நடுவுல எறும்பு ஊர்ந்துகினு போவுது!"

அப்பா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். நான் எட்டிப் பார்த்தேன். ஜரிகையில் புள்ளி புள்ளியாக நம் வாக்கியம். மூணு, ஓர் இடைவெளி, ரெண்டு, ஓர் இடைவெளி, கடைசியில் அஞ்சு. அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். இரண்டு அப்பாக்களும் என்னை அடிக்காத குறை. நீதான் குறுக்கே வந்து நின்றாய். "அப்பா, மாத்தாத. அப்படியே நெய்யி. என் புடவை, எறும்பு இருந்துட்டுப் போவட்டும்." பத்து நாளில் கல்யாணம், அதனால் அவருக்கும் வேறு வழி இல்லை. புடவை முழுக்க மாங்காய்க்கு மாங்காய் நீ ஆரணியில் பிறந்தாய்.

கல்யாணம் முடிந்து, ஆபீசுக்குப் போவதற்கு முந்தின நாள் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாய். காலையில் எல்லாவற்றையும் என்னிடம் ஒப்பித்தாய். அந்தக் குவிந்த 'ஊ' மட்டும் நம் ஊர் 'உ'வாகவே வந்தது. "சரியா இருக்குதுடி" என்றேன். பொய். தப்பாகச் சொன்னால் இரண்டு வருடம் இங்கேயே இருப்பாய் என்று மனம் கணக்குப் போட்டது. மத்தியானம் சோற்றில் கை வைத்தவள் பாதியில் எழுந்தேன். கை கழுவாமலே ஓடிவந்து உன் தாடையைப் பிடித்தேன். "தப்புடி. உதட்டைக் குவி. இன்னும் குவி." எச்சில் கையோடு ஒரு மணி நேரம். வந்துவிட்டது! ஊதல் மாதிரி சுத்தமாக வந்தது.

இரண்டு நாள் கழித்து பஸ் ஸ்டாண்டிலிருந்து முகூர்த்தப் புடவையோடு நேரே எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தாய். "அந்த ஆபீசர் எங்க பொறந்தேன்னு கேட்டாருடி. எல்லாம் மறந்துபோச்சி. தலையைக் குனிஞ்சேன், மடியில எறும்பு போயிகினு இருந்தது. மூணு எடு, ஒண்ணு விடு... வாய் தானாச் சொல்லிடுச்சி! அந்த ஊதலும் சரியா வந்துச்சி. அவர் சிரிச்சிட்டாருடி!" நான் கத்திய கத்தலில் அக்கம்பக்கத்துத் தறியெல்லாம் நின்றது. உன்னைத் தூக்கிச் சுற்றினேன். இறக்கி விட்டபிறகுதான் உறைத்தது, நீ போகிறாய். நீ என் காதருகே வந்து, "அன்னிக்குக் காலையில பொய் சொன்ன இல்ல?" என்றாய். தலையாட்டினேன். "எனக்கு அப்பவே தெரியும். மத்தியானம் நீ ஓடி வருவேன்னும் தெரியும்" என்றாய்.

அன்றிலிருந்து எனக்கு அப்படியே பழகிவிட்டது. என் மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தபோதும் முதலில் துள்ளிக் குதித்தேன், அவள் ரயிலேறிய பிறகு அழுதேன். உனக்கு மட்டும் முறை மாறிவிட்டது. நேற்றெல்லாம் அழுதேன். இன்று இதை எழுத உட்கார்ந்து, உன் தாடையைப் பிடித்த இடத்துக்கு வந்ததும், யாருமில்லாத வீட்டில் உதட்டைக் குவித்துச் சொல்லிப் பார்த்தேன். சுத்தமாக வந்ததடி. உன்னைத் தூக்கிச் சுற்ற வேண்டும்போல் இருக்கிறது.