அப்பாவின் தொடையில் உடைந்த தகடு

செவ்வாய், இரவு.

அப்பாவின் தொடை எலும்பில் வைத்திருந்த எஃகுத் தகடு உடைந்துவிட்டது; இன்று எடுத்துவிட்டார்கள். வேறு தகடு வைக்க இன்னொரு ஆபரேஷன் உண்டு.

"சொல்லச் சொல்லக் கேக்காம நடந்திருக்காரு," என்றார் டாக்டர்.

நான் உலோகவியல் பாடம் நடத்துகிறவள். துண்டை வாங்கி லென்ஸில் பார்த்தேன். உடைந்த முகத்தில், எஃகை உருக்கும்போதே கலந்துபோன ஒரு கசடுப் புள்ளி. அணுக்களின் அடுக்கு குலைந்த அந்த இடத்தில்தான் விரிசல் தொடங்கியிருக்கிறது. தகடு செய்யும்போதே விழுந்த குறை என்றேன்.

"அதெல்லாம் க்ளாஸ்ல சொல்லுங்கம்மா," என்று துண்டைப் பிடுங்கிக்கொண்டார்.

அப்பா படுத்தபடியே கும்பிட்டார். "நாந்தான் சார் அவசரப்பட்டுட்டேன். பிள்ள பேசுனத மனசுல வச்சுக்காதீங்க."

டாக்டர் நகர்ந்ததும் அப்பா என்னிடம் சொன்னார்: "திரும்ப அறுக்கப் போறதும் அவருதான் தாயி."

சாயங்காலம் டாக்டர் மறுபடி வந்தபோது நானும் எழுந்து நின்று கும்பிட்டேன்.