அண்ணன் செய்த குளிர்ப்பெட்டி

9-5-57, வியாழன்

கத்திரி வெயில். உட்கார்ந்த இடத்திலேயே வேர்த்து ஊற்றுகிறது. உப்பு ஜாடியில் தண்ணீர் கோத்துவிட்டது. பள்ளிக்கூடம் லீவு, அந்த மட்டும் நிம்மதி.

அண்ணன் டெல்லியிலிருந்து வந்தாயிற்று, நாலு வருஷம் கழித்து. அப்பாவின் இழுப்பைப் பார்த்துக் கண் கலங்கினான். அதுவரை சரி. சாயங்காலமே தகர டப்பா, மேஜை விசிறி, அங்கிருந்து சுமந்து வந்த வெட்டிவேர்த் தட்டி எல்லாம் கூடத்தில் பரப்பல். தட்டியில் தண்ணீர் சொட்டுமாம், விசிறி அதன் வழியாகக் காற்றை இழுக்குமாம், அறை குளிருமாம்.

"டெல்லில இத்தப் போட்டா கம்பளி கேக்கும் நைனா."

அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

10, வெள்ளி

பெட்டி ஓடுகிறது. முதலில் வெட்டிவேர் வாசனை, ஒப்புக்கொள்கிறேன். பிறகு நனைந்த கோணி நாற்றம். போதாததற்குக் கிழக்கு ஜன்னலை அடைத்துவிட்டான். பகல் சாப்பாட்டுக்கு மேல் கடல்காற்று வரும் ஜன்னல்! மகாபலிபுரமே அதற்காகத்தான் காத்துக் கிடக்கும். "வெளிக்காத்து வந்தா குளிர் பூடும்" என்கிறான். எந்தக் குளிர்?

எதிர்வீட்டு ரங்கம்மா வேடிக்கை பார்க்க வந்தாள். "இன்னாடி இது, இட்லிப் பானைக்குள்ள பூந்த மாரி கீது!" ஓடியே போனாள்.

டெல்லிக் காற்று காய்ந்த காற்று, தண்ணீரைக் குடித்துக் குளிரும். இங்கே காற்று வரும்போதே வயிறு முட்டக் குடித்துவிட்டு வருகிறது. சொன்னேன். "நீ மூணாங்கிளாசுக்குப் பாடம் நடத்து, போ" என்றான். கடுப்பு.

12, ஞாயிறு

வாங்க: மண்ணெண்ணெய், தீப்பெட்டி (இருப்பது நமத்துவிட்டது), அப்பா மருந்து.

அப்பாவின் தலையணை சொதசொதவென்று ஈரம். செருப்பில் பச்சைப் பூஞ்சணம். பெட்டித் தண்ணீரில் புழு நெளிகிறது. பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. இழுப்பு அதிகம், பாதிப் பேச்சில் நிறுத்தி மூச்சு வாங்குகிறார். அண்ணனோ, "தட்டி பத்தல" என்று இன்னொன்று கட்டுகிறான். சீ.

13, திங்கள்

அண்ணன் தகரம் வாங்கச் செங்கல்பட்டு போனான். உடனே பெட்டியை நிறுத்தி ஜன்னலைத் திறந்தேன். காலண்டர் படபடத்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு நன்றாக மூச்சு விட்டார். சாயங்காலம் தூரத்தில் செங்கல்பட்டு பஸ் ஹாரன். அதே பஸ்ஸை ஓட்டி ஓய்ந்தவர் காதுக்குத் தப்புமா?

"சாத்துமா. அவன் வந்துட்டான்."

"இன்னாத்துக்கு நைனா? உனக்கு மூச்சு முட்டுது."

"முட்டட்டும். இத்தினி வருசம் வராத புள்ள. இது வாணாம்னு சொன்னா அடுத்த லீவுக்கு வருவானா?"

சாத்தினேன். பெட்டியையும் நானே ஓட விட்டேன். என் கையைப் பார்க்கவே அருவருப்பு.

16, வியாழன்

அண்ணன் கிளம்பினான். பஸ் வரை வர அப்பாவால் முடியவில்லை, வாசலோடு சரி.

"நைனாவுக்கு நல்லா ஒத்துகிச்சு பாரு. அடுத்த வருசம் வந்து பெருசா ஒண்ணு பண்றேன்."

"பண்ணுடா" என்றார் அப்பா.

பஸ் கிளம்பியதும் வீட்டுக்கு ஓடி வந்து தட்டிகளைப் பிடுங்கி முற்றத்தில் வீசினேன். எல்லா ஜன்னலையும் திறந்தேன். கட்டிலில் சாய்ந்து இழுத்து இழுத்து மூச்சு விட்டபடி அப்பா:

"அத்த வெயில்ல காய வச்சி எடுத்து வைமா. கெட்டுப்பூடப் போவுது."