நெஞ்செரிவில் கொடுத்த மன்னிப்பு

நேற்று, பெப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை, முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் எடுத்த ஈசிஜியில் உங்கள் இதயத்துக்கு ஒரு குறையும் இல்லை என்று வந்தது.

இஞ்சாருங்கோ, நான் பாடசாலைக்குப் போகிறேன். டொக்டர் சொன்னதில் பாதிதான் உங்கள் காதில் விழுந்திருக்கும், அதனால் எழுதி வைக்கிறேன். இரைப்பையின் அமிலம் மேலே ஏறித்தான் நெஞ்சு எரிந்திருக்கிறது. மேசையில் உள்ள குளிசையைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னர் போடுங்கள். இரண்டு கிழமையில் எரிவு அடங்கினால் வருத்தம் அந்த அமிலம்தான். அடங்காவிட்டால் வாய்வழியே குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பார்கள். பிட்டும் நண்டுக்கறியும் நிறையச் சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பது இனி இல்லை. கட்டிலின் தலைமாட்டுக்குக் கல் வைத்து உயர்த்தியிருக்கிறேன்.

மற்ற விஷயம். நேற்றுக் காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, அம்புலன்சுக்கு முதல் பாதரைத்தான் கூப்பிடச் சொன்னீர்கள். பாதர் வந்து எண்ணெய் தடவி நோயில் பூசுதல் கொடுத்து முடிந்ததும், மீன்வாடிக் காணிச் சண்டையில் வருசக்கணக்காகப் பேசாமல் இருந்து, செய்தி கேட்டு ஓடிவந்த உங்கள் அண்ணரின் கையைப் பிடித்து, "எல்லாத்தையும் மன்னிச்சிட்டன் அண்ணை" என்று அழுதீர்கள். யாகப்பு அண்ணரும் அழுதார். ஈசிஜி நல்லது என்றதும், "சாகப்போறன் எண்டு நினைச்சுத்தானே சொன்னனான், அது கணக்கில சேராது" என்கிறீர்கள். பூசிய எண்ணெயைப் பாதர் திருப்பி எடுப்பாரா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.

சோறு குசினியில் இருக்கிறது. மீன்குழம்பில் புளி குறைவு, முகத்தைச் சுளிக்க வேண்டாம்.

மெற்றில்டா

பி.கு: குழம்பு இரண்டு பேருக்குக் காணும். மத்தியானச் சாப்பாட்டுக்கு அண்ணரை வரச் சொன்னேன். "ஓம், வாறன். நண்டு கொண்டு வரட்டோ?" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.