ஆம்னி ஃபேன் சத்தம்

அன்புள்ள முத்துமாரிக்கு,

உனக்கும் நம் பாப்பா கவிப்ரியாவுக்கும் உடம்பு சௌகரியமா? அவள் இருமல் நின்றதா? நான் மஸ்கட்டில் நலம். போனில் சொன்னால் மறந்துவிடுவாய் என்று என்னோடு வேலை பார்த்து ஊருக்கு வரும் கௌதமிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எனக்கு இந்த வருஷமும் லீவு இல்லையாம். சரி என்றேன்.

ஷூவின் மேல்தோலான அப்பர் ஏற்றிப்போகும்போது நம் ஆம்னி வேன் ஓட்டத்தில் சூடாவதில்லை, ரயில்வே கேட்டில் நின்றால்தான் சூடாகிறது என்றாயே, ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. முதலில் ஃபியூஸைப் பார். அது நன்றாக இருந்தால், ரேடியேட்டர் சென்சாரின் இரண்டு ஒயரையும் கழற்றி ஒன்றாகச் சேர்த்துவிட்டுச் சாவியைப் போடு. சுற்றினால் சென்சார் போயிருக்கிறது. சுற்றாவிட்டால் மெக்கானிக் மோட்டாரைப் பார்க்கட்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே.

போன வாரம் ஒர்க்‌ஷாப் வெயிலில் நானே கொஞ்சம் சாய்ந்துவிட்டேன். தண்ணீர் தெளித்தார்கள். “இன்னாண்ணா, உங்க ஃபேனும் சுத்தலையா?” என்றான் கௌதம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். இப்போது ஒன்றுமில்லை.

சரியானதும் ஃபேன் சத்தத்தை ரெக்கார்ட் செய்து அனுப்பு. மோட்டார் எப்படி ஓடுகிறதென்று கேட்க வேண்டும். பக்கத்தில் கவிப்ரியா பேசினால் பேசட்டும், அதட்டாதே.

கௌதம் பெட்டியை மூடப்போகிறான், முடிக்கிறேன். ரெக்கார்டிங் கொஞ்சம் நீளமாகவே இருக்கட்டும்.

தனகோடி