நான்கு நிமிடம் பத்து விநாடி

ஐப்பசி 11, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். அருவிப் பக்கம் இரைச்சல் அதிகம். குளிக்கத் தடை போட்டிருப்பார்கள். பால் அரை லிட்டர் வாங்கியது தவறு. எனக்குக் கால் லிட்டர் போதும்.

புதுக் கணினி இன்றும் தாமதம். பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பாகவே நிற்கிறது. பழையது அடியோடு படுத்துவிட்டதால் நானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியது. இன்றோடு பன்னிரண்டு நாள். முறையாகத் தேடுவதற்கு ஒரு வரிசை:

1. நேரத்தை அளந்து எழுதுவது. ஊகம் கூடாது.
2. தொடங்கும்போது தானாக ஓடும் நிரல்கள். வேண்டாதவற்றை நிறுத்துவது.
3. தகவல் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. பழுதா என்று பார்ப்பது.
4. ஈரம். குற்றாலத்தில் இந்த மாதம் தீப்பெட்டியே பற்றாது.
5. நான் பூட்டியதில் பிழை. பெரும்பாலும் இதுவே.
6. ஷாகுலிடம் சொல்லத் தேவையில்லை. சரிசெய்துவிட்டால் தெரியாமலே போகும்.

ஆறாவதுதான் அவசரத்துக்குக் காரணம். ஷாகுலும் நானும் நில அளவை அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் எதிரெதிர் மேசை. மதிய இடைவேளையில் சதுரங்கம். இப்போது ஷா. சார்ஜாவில் மகன் வீட்டில். அங்கே கணினி பேரனுடையது. அவன் சாப்பிட எழும்போது மட்டும் ஷா.வுக்கு நாற்காலி. உடனே எனக்கு மிஸ்டு கால். கூடவே இணையத்தில் ஆட்ட அழைப்பு. அழைப்பு ஐந்து நிமிடம் நிற்கும், பிறகு மறைந்துவிடும். கணினியே நான்கு நிமிடம் தின்றால், கடவுச்சொல் அடித்து நான் போய்ச் சேர்வதற்குள் ஆள் இல்லை. ஞாயிறு அப்படித்தான் ஆனது.

போனில் பேச எங்கள் இருவருக்கும் வராது. காய் நகர்த்திக்கொண்டே பேசித்தான் பழக்கம். இப்போது ஆட்டத்தின் ஓரத்தில் தட்டச்சில் பேச்சு.

இன்று வாய் திறந்து பேசியது: பால்காரரிடம் "போதும்".

ஐப்பசி 12, புதன்

மழை விட்டு விட்டு. அளவு:

காலை 6.50 – 4 நி. 10 வி.
காலை 8.05 (அணைத்து உடனே போட்டது) – 21 வி.
மாலை 4.30 – 4 நி. 6 வி.

திரையில் தேதி ஒவ்வொரு முறையும் பழையதாகி நிற்கிறது. நான் சரியாகப் பதியவில்லை போல. கவனம் போதவில்லை.

நிரல்கள் ஏழு நிறுத்தினேன். பயன் 0. நிறுத்தியதில் ஒன்று அச்சுப்பொறிக்குரியது என்று பிறகு தெரிந்தது. திரும்பப் போட்டேன்.

இரவு ஏழரைக்கே போட்டு வைத்துக்கொண்டு காத்திருக்கலாம் என்று உட்கார்ந்தேன். ஒன்பது மணிக்கு மலைப் பக்கம் இடி. அணைத்தேன், பிளக்கையும் பிடுங்கிவிட்டேன். ஒன்பதே காலுக்கு மிஸ்டு கால். ஓடிப்போய்ப் போட்டேன். கறுப்புத் திரையில் என் முகம். உள்ளே போனபோது "அழைப்பு காலாவதியானது".

இரண்டாம் முறை.

ஷா. என்னை ஆபீசில் "கடியாரம்" என்பார். பத்து மணி ஆபீசுக்கு ஒன்பது ஐம்பதுக்கு வந்துவிடுவேன் என்பதால்.

ஐப்பசி 13, வியாழன்

நல்ல மழை. கொடியில் மூன்று நாள் வேட்டி காயவில்லை.

எஸ்.எஸ்.டி. சோதித்தாயிற்று, பழுதில்லை. ஆகவே ஈரம். நினைக்க நினைக்கச் சரியாகப் படுகிறது: இரவெல்லாம் குளிர்ந்து கிடந்து காலையில் தாமதம், சூடானதும் வேகம். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி நாற்பது வாட் குண்டு பல்பு ஒன்றை அருகில் எரியவிட்டேன். ஒரு மணி நேரம். பிறகு கணினியை அணைத்துப் போட்டால் 20 வி.!

மகிழ்ச்சி. அடுக்களையில் போய்ச் சர்க்கரை ஒரு கரண்டி தின்றேன். சொல்ல ஆளில்லை.

மாலை: வேலை முடிந்து எப்போதும்போல் பிளக்கைப் பிடுங்கி வைத்தேன். ஆறு மணிக்கு மறுபடி பல்பு, ஒரு மணி நேரம். போட்டேன். 4 நி. 9 வி.

மேலும் எழுத மனமில்லை.

ஐப்பசி 14, வெள்ளி

வெயில் தலைகாட்டியது. வேட்டி காய்ந்தது.

5-ஆம் எண். நினைவக அட்டைகளான ராம் இரண்டையும் கழற்றி அழிரப்பரால் தேய்த்து மாட்டினேன். இருமுறை கை நழுவியது. இந்தக் கையை வைத்துத்தான் ஷா. சொன்னார். பாகம் வாங்கிப் பூட்டப் போகிறேன் என்று நான் தட்டச்சிட்டதும் வந்த பதில்: "வேண்டாம் வே. உமக்கு ஆணி அடிச்சாலே சுவரு அழும். ரெடிமேடா ஒண்ண வாங்கிப் போடும்." அதற்கு நான் அன்று இருபது வரி மறுப்பு எழுதினேன். அந்த ஆட்டத்தில் வென்றதும் நான்தான். அதற்குப் பிறகு இதை எப்படிச் சொல்ல.

இரண்டு மணிக்கு மிஸ்டு கால். ராம் இரண்டும் மேசைமேல், கணினி திறந்து கிடக்கிறது. ஒரே ஒரு மணி அடித்து நின்றுவிட்டது. நான் போனைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மூன்றாம் முறை. திருப்பி அழைத்திருக்கலாம். என்ன சொல்வது என்று யோசித்ததில் ஐந்து மணி ஆகிவிட்டது.

ராம் மாட்டிய பின்: 4 நி. 12 வி. இரண்டு விநாடி கூடுதல்.

ஐப்பசி 15, சனி

தென்காசி பயணம். பெட்டியைத் துண்டில் கட்டி மடியில் வைத்துக்கொண்டேன். நடத்துநர் குனிந்து பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, டிவியா?"

"கம்ப்யூட்டர்."

"லக்கேஜ் போடணும்லா?"

பையில் கைவிட்டேன். சிரித்துவிட்டார். "சும்மா கேட்டேன். மடியில இருக்கதுக்கு ஏது டிக்கெட்டு? கைக்குழந்த மாதிரிலா பிடிச்சிருக்கீரு, அதும் வாயப் பொத்தி!"

பின்சீட்டிலும் சிரிப்பு. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

பழுது பார்க்கும் கடை, பழைய பேருந்து நிலையம் பக்கம். நடத்துவது செல்வி என்ற பெண், நாற்பது வயதிருக்கும். தகட்டைக் கழற்றிப் பார்த்தார்.

"யாரு சார் பூட்டுனது?"

"நான்தான். தவறு இருந்தால் சொல்லுங்கள்."

"ஒயரு எல்லாம் சடை பின்னுன மாதிரி இருக்கு. எங்க கடையில ஒருத்தனும் இப்படிக் கட்ட மாட்டான்."

என் அளவுத் தாளைக் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார்.

"இதுல தேதி பழசாகுதுன்னு எழுதியிருக்கீங்களே. சார், வேல முடிஞ்சதும் பிளக்கப் பிடுங்கிப் போடுதீங்களா?"

"ஆமாம். இடி விழுமே."

"தெனமுமா? இடி இல்லாத அன்னைக்கும்?"

"தினமும்."

வீட்டில் அதுதான் வழக்கம். ஒரு ஐப்பசியில் இடியில் டிவி போன பிறகு என் மனைவி பார்வதி வைத்த சட்டம்: ஆள் எழுந்தால் பிளக்கும் எழ வேண்டும். அவள் போய் மூன்று வருடம். மிக்சி, கிரைண்டர், பல்பு, எதுவும் தப்பாது. வாசற்கதவைச் சாத்துவதுபோல. சாத்தியதை யார் குறித்து வைப்பார்கள்? வரிசையில் அதை எழுதவே தோன்றவில்லை.

செல்வி பலகையிலிருந்து காசளவு செல் ஒன்றை நெம்பி எடுத்து மீட்டரில் வைத்தார். "செத்துக் கெடக்கு. போர்டு ரொம்ப நாளு அட்டப்பெட்டியிலயே இருந்திருக்கும். பிளக்கு சொருகியிருக்க மட்டும் இது ஞாபகம் வச்சிக்கிடும் சார். பிடுங்குனா செல்லுதான் தாங்கணும். அது செத்ததால தேதி மறந்துரும், ராமோட எப்படிப் பேசணும்னு பழகுனதும் மறந்துரும். போடும்போதெல்லாம் ஒண்ணுலேருந்து பழகுது. அதுக்குத்தான் நாலு நிமிசம்."

"அப்படியென்றால் ஈரம்?"

"ஈரமா?" பல்பு விஷயத்தைச் சொன்னேன். சிரிக்கவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டார். "பல்பு வச்ச அன்னைக்கு, நடுவுல பிளக்கப் பிடுங்கல நீங்க. அவ்வளவுதான்."

சரிதான். இரண்டு அளவும் என் தாளிலேயே இருக்கிறது. வரைபடத்தில் ஒரு எல்லைக்கல் விட்டுப்போனால் ஷா. மேசையைத் தட்டுவார்.

புதுச் செல் போட்டுப் பழகவிட்டு, பிளக்கைப் பிடுங்கிச் சொருகி இரண்டு தடவை காட்டினார். 19 வி. "இனி நீங்க பிடுங்கினாலும் மறக்காது. ஒங்க மனசு போல செய்யுங்க."

இன்று பேசியது: எண்ணவில்லை. நிறைய.

ஐப்பசி 16, ஞாயிறு

தூறல். காலை 19 வி. மாலை 19 வி. தேதி சரி.

மிஸ்டு கால் இல்லை.

ஐப்பசி 17, திங்கள்

19 வி. 18 வி. 19 வி. வேலை எதுவும் இல்லாமலே மூன்று முறை போட்டுப் பார்த்தேன்.

போனைக் குளியலறைக்குள்ளும் கொண்டுபோனேன். மிஸ்டு கால் இல்லை. பேரனுக்குத் தேர்வாக இருக்கலாம். ஷா.வுக்கு உடம்புக்கு ஆகாமல் இருக்கலாம். வேறு யாரோடாவது ஆடத் தொடங்கியிருக்கலாம். மூன்று முறை வராதவனை நான்காம் முறை நான் கூப்பிடுவேனா? மாட்டேன்.

சாதம் மிஞ்சியது. தண்ணீர் ஊற்றியாயிற்று.

ஐப்பசி 18, செவ்வாய்

மேகம். மழை இல்லை. தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஷா.வுக்குப் போன் செய்தேன். தாளில் இருந்தது: (அ) நலம் விசாரிப்பு. (ஆ) மழை. (இ) கணினி, சுருக்கமாக.

முதல் மணியிலேயே எடுத்தார்.

"வே! உயிரோடதான் இருக்கீரா?"

(அ) பயன்படவில்லை.

"மூணு தடவ குடுத்தேன். நாலாவதும் குடுத்தா பிச்ச கேட்ட மாதிரி ஆயிரும்னு விட்டுட்டேன். எங்கூட ஆடி ஆடி உமக்குச் சலிச்சுப் போச்சுன்னு நெனச்சேன்."

"கம்ப்யூட்டர் நான்கு நிமிடம் எடுத்தது, ஷாகுல்."

"என்னது?"

சொன்னேன். செல், பிளக், பல்பு, அழிரப்பர் எல்லாம். 

"கேக்கீரா வே? பய சோத்துல உக்காரும்போதுதான் நான் மிஸ்டு கால் குடுக்கேன். அவனுக்குச் சோறு போட மருமவ தட்டு கழுவுத சத்தம் கேட்ட உடனே குடுத்திருந்தா உமக்கு அஞ்சு நிமிசம் கெடச்சிருக்கும்லா. ஒரு வார்த்த சொன்னா என்ன கொறஞ்சு போச்சு? நான் இங்கன அந்த நாற்காலியில உக்காந்துக்கிட்டு, பய கையக் கழுவிட்டு வந்து பின்னால நிக்க வரைக்கும் திரையவே பாத்துக்கிட்டு…"

அங்கே நிறுத்திவிட்டார். பிறகு, "வச்சிருதேன். பய சாப்பிட எந்திரிக்கப் போறான். போயி மெசின் முன்னால உக்காரும்" என்றார்.

உட்கார்ந்திருக்கிறேன். 19 வி. போட்டு இருபத்தைந்து நிமிடம் ஆகிறது. செங்கோட்டைப் பக்கம் லேசாக இடி கேட்கிறது. பிளக் சொருகியபடியே இருக்கிறது.

முதல் நாள் வரிசையைத் திருப்பிப் பார்த்தேன். 2, 3, 4 காரணம் இல்லை. ஆனால் அவை தேட வேண்டியவையே. 5 இல்லை என்று செல்வி சொல்லிவிட்டார், முழுதாக நம்ப முடியவில்லை.

எண் 6, ஷாகுலிடம் சொல்லத் தேவையில்லை என்றது, தவறு.