பந்தி நிலவரம்

11.8.2025, திங்கள்
தங்கச்சி கல்யாணத்துக்கு இன்னும் இருபது நாள். அண்ணன்காரன் வேலை என்ன என்று அம்மா இன்று சொல்லிவிட்டாள்: மண்டபத்தில் ஒவ்வொருவரிடமும் போய், "சாப்பிட வாங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கூப்பிட வேண்டும். எண்ணூறு பேரை! வெப் கம்பெனியில் எட்டு வருஷம் குப்பை கொட்டியது இதற்குத்தானா?

14.8.2025
ஒரு யோசனை. பந்தி நிலவரத்தை ஒரு வலைப்பக்கமாகப் போட்டுவிட்டால்? எத்தனை இலை காலி என்று அவரவர் போனிலேயே பார்த்துக்கொண்டு போய் உட்காரட்டும். நான் மேடையில் நின்று போட்டோவுக்குச் சிரிப்பேன்.

17.8.2025
முதலில், போன் ஐந்து நொடிக்கு ஒரு தடவை சர்வரிடம் கேட்கிற மாதிரி எழுதினேன். "எடம் இருக்கா, எடம் இருக்கா" என்று ஒரே நச்சரிப்பு. அழித்துவிட்டேன். இப்போது ஒரு தடவை திறந்த இணைப்பு திறந்தே கிடக்கும். பந்தியில் நிற்கிற ஆள் காலி இலையை எண்ணிப் பதிந்ததும் சர்வரே எல்லாப் போனுக்கும் சொல்லிவிடும். நம்ம ஊரில் கேட்காமல் கிடைப்பது இது ஒன்றுதான்.

24.8.2025
விருமாண்டி மாமா கல்யாணத்துக்கு வருகிறாராம்! அம்மாவின் ஒரே அண்ணன். ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது, அப்பா அவரைச் சாப்பிடக் கூப்பிட மறந்துவிட்டார். அன்றோடு போக்குவரத்து நின்றது. "இந்தத் தடவையாச்சும் எங்கண்ணன் கை நனைச்சிட்டுப் போகணும்டா" என்றாள் அம்மா. கண் கலங்கியிருந்தது.

31.8.2025, ஞாயிறு
கல்யாணம் முடிந்தது. பாழாய்ப்போன பக்கம் அருமையாக ஓடியது. 'இரண்டாம் பந்தி: 180 இடம் காலி.' நானூறு போனில் ஒரே நொடியில். ஒரு ஆள் எந்திரிக்கணுமே! போனைப் பார்க்கிறார்கள், பக்கத்து ஆளைப் பார்க்கிறார்கள், மறுபடி போனைப் பார்க்கிறார்கள். யாரும் வந்து கூப்பிடாமல் முதல் ஆளாகப் போய் இலையில் உட்கார எவனுக்கு மனசு வரும்? சாம்பார் ஆறியது. மண்டபத்துக்காரர் துளசிராம் மட்டும், "தம்பி, சூப்பரா ஓடுதே" என்றார்.

ஓடி ஓடிக் கூப்பிட்டேன். மாமாவிடம் போய்ச் சேர்ந்தபோது அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, சாப்பிடாம—"

போனை என் மூஞ்சிக்கு நேரே நீட்டினார். "இதுதான் கூப்பிட்டுருச்சே மாப்ள. போதும்."

தாய்மாமன் பச்சைத் தண்ணிகூடக் குடிக்காமப் போயிட்டாரு. நானெல்லாம் படிச்சு என்னத்தக் கிழிச்சேன்?

1.9.2025
அம்மா என்னோடு பேசவில்லை.

28.10.2025
சமயநல்லூரில் துளசிராம் மண்டபத்தில் இப்போது எல்லா விசேஷத்துக்கும் என் பக்கம்தான். கூடவே ஒரு போர்டும் மாட்டியிருக்கிறார்: 'கூப்பிட ஆள் தனியாக வைத்துக்கொள்ளவும்.'

2.11.2025
அதே மண்டபத்தில் அடுத்த ஞாயிறு மாமா பேத்திக்குக் காதுகுத்து. பத்திரிகை வைக்க யாரும் வரவில்லை. அம்மா போனுக்குப் பந்தி நிலவரத்தின் லிங்க் மட்டும் வந்திருக்கிறது. அப்பா குதித்தார். "நேர்ல வந்து கூப்பிடாம எப்பிடிறா போறது?" இதைச் சொல்வது யார் பார்!

9.11.2025, ஞாயிறு
அம்மா காலையிலிருந்து போனைக் கீழே வைக்கவில்லை. முதல் பந்தி: 3 இடம் காலி. இரண்டாம் பந்தி: 3 இடம் காலி. மூன்றாவதும் அப்படியே. கறிவிருந்தில், ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஆள் நிற்குமே, எப்படி இடம் காலியாகும்? நான் எழுதிய புரோகிராமில் ஏதோ தப்பு என்று வரி வரியாகப் பார்த்தேன். தப்பில்லை. மாமா மகன் சோலைக்குப் போன் போட்டேன். அங்கே இலையை எண்ணிப் பதிகிறவன் அவன்தான்.

"எண்ணிக்கை சரிதான் மாப்ள. அந்த மூணு எலையில மட்டும் அப்பா யாரையும் உக்காரவிட மாட்டேங்கிறாரு. கேட்டா சண்டைக்கு வர்றாரு."

தங்கச்சி புருஷன் வீட்டுக்குப் போனபிறகு வீட்டில் நாங்கள் மூன்று பேர். அம்மாவிடம் சொன்னேன். உள்ளே போய்ப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். அப்பா டிவியை விட்டுத் திரும்பவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நாலாம் பந்தி எப்படா போடுறாக?" என்று கேட்டார்.